ஏழாம் மதகு

மண்வெட்டிக்கு மசியவில்லை. கடப்பாரை கேட்டேன்.
சாலையை ஒன்றரை மீட்டர் அகலப்படுத்த உத்தரவு.
செடி அந்த ஒன்றரை மீட்டருக்குள் நின்றது,
ஏழாம் மதகுக்கு மேற்கே,
புகைபோக்கி மட்டும் மிஞ்சிய வீடொன்றின் முன்னால்.
யார் வீடு என்று ஒடாகோவில் எவருக்கும் தெரியாது.
தங்கம் தேடி வந்தவர்கள்
முகவரி வைத்துவிட்டுப் போவதில்லை.

தாமதி ஜேசிபியின் எஞ்சினை அணைத்தான்.
"பத்து நிமிடம், நோலீன். நான் எதையும் பார்க்கவில்லை."

வேர் பாறையைப் பிடித்த பிடியை விடவில்லை.
குச்சிகளாவது கிடைக்கட்டுமென்று வெட்டினேன்,
பென்சில் தடிமனில் பதினொன்று.
சாண்ட்விச்சை நின்றபடியே தின்று
டப்பாவைக் காலி செய்து
ஈர நாளிதழில் சுற்றி வைத்தேன்.
ஒன்பது கறுத்தன.
ஒன்றை முயல் தின்றது.

மிஞ்சிய ஒன்றுக்குப் பெயர் கேட்டு
ஓமரூவுக்குத் தொலைபேசினேன்.
ஐயோலா ஹேதர்சேஜ், பழைய ரோஜாக்களுக்கு
அடையாளம் சொல்பவர். குசலம் விசாரிக்காதவர்.
சிற்றிலை எத்தனை?
ஐந்து. எப்போதாவது ஏழு.
முள் வளைவா, நேரா?
முள் என்றே சொல்ல முடியாது, சுணை.
இலையடிச் செதிலின் ஓரம்
சீப்புப் பல்லா, வழவழப்பா?
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தேன்.
வழவழப்பு.
பூ?
இன்னும் இல்லை.
"அப்படியானால் பூத்தபின் கூப்பிடு."
வைத்துவிட்டார்.

உரமூட்டையின் முதுகில் எழுதியிருந்தது:
ஜூலையில் கணுக்கால் உயரத்துக்கு வெட்டுக.
வெட்டினேன். நான்கு ஜூலை.
மீன்தூள், ஆட்டுப்புழுக்கை, அடுப்புச் சாம்பல்.
தின்றது, கொழுத்தது,
பூவைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஐந்தாம் குளிர்காலம்
உறைந்த சாலையில் சரளை கொட்டப் போய்
வழுக்கி விழுந்தேன். காறை எலும்பு.
கத்தரிக்கோல் ஆணியில் தொங்கியது.
வலக்கை கழுத்தில் தொங்கியது.
கை கட்டிக்கொண்டு பார்ப்பது என்பார்களே,
அதைத்தான் செய்தேன், மருத்துவர் சொற்படி.
கொம்புகள் தம் இஷ்டத்துக்கு வளைந்து கிடந்தன,
உறைபனி ஏறி, இறங்கி, ஏறி.

நவம்பரில் அந்தக் கிழட்டுக் கொம்புகளில்தான்,
அடியிலிருந்து நுனிவரை, மொட்டு.

முந்தைய நான்கு ஆண்டுப் பூவையும்
நானேதான்
தோட்டக்குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

முதல் நாள் நாவல்பழ நிறம்.
மறுநாள் அடிபட்ட தோலின் ஊதா.
மூன்றாம் நாள் மழையில் நனைந்த சிலேட்டு.
வாசனை பன்னீர் இல்லை. மிளகும்,
ஆப்பிள் அடுக்கிய அறையும்.

ஐயோலா பேருந்தில் வந்தார்,
உருப்பெருக்கி, அளவுகோல், இரண்டு பழைய பட்டியலோடு.
ஒரு பெயர் சொன்னார்.
நடுவில் பச்சைப் பொத்தானைப் பார்த்து விலக்கிக்கொண்டார்.
இன்னொன்று சொன்னார்.
காம்பை நிமிண்டி, விரலை முகர்ந்து, அதையும்.
மூன்றாவதைச் சொல்ல வாய்திறந்து
தேநீர் இருக்கிறதா என்றார்.

"பிரான்சில் எவனோ ஒருவன் பெயர் வைத்திருப்பான்.
'கருஊதா, நிறைவிதழ், நல்ல மணம்.'
அந்த ஒற்றை வரி இதற்கும் பொருந்தும்,
இன்னும் நாற்பதுக்கும் பொருந்தும்.
தெரியாததை எடுத்த இடத்தின் பெயரால் அழைப்போம்,
தெரியும்வரை. எங்கே எடுத்தாய்?"

சாலைப்பலகையில் வெட்டி மிஞ்சிய அலுமினியத் துண்டில்
ஆணியால் குத்தி எழுதினேன்.
அதற்குள் அந்த மதகே போய்விட்டிருந்தது.
கான்கிரீட் குழாய். எண் கிடையாது.

தாமதியின் மனைவி ஒரு குச்சி கேட்டாள்.
அதே டப்பாவில் கொடுத்தேன், துண்டுச்சீட்டோடு:
பூத்து ஓய்ந்தபின் வெட்டு. ஜூலையில் தொடாதே.

மார்ச்சில், புதுத் தாரின் விளிம்பில்
சரளையைப் பிளந்துகொண்டு
ஐந்தாறு தளிர்கள், சுணையோடு.
பாறையை விடாத அந்த வேர்.

களைக்கொல்லி தெளிக்கும் முறை
அந்த வாரம் என்னுடையது.
புகைபோக்கி கண்ணில் பட்டதும் குழாயை மூடினேன்.
இருபது மீட்டர் தள்ளித் திறந்தேன்.